விளக்கெண்ணெய்ச் சனிக்கிழமை

முடி வளர்வதற்கென்று மனைவி வாங்கிவந்த விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்து மோந்ததும், ஐம்பதைத் தாண்டிய என் வயிறு என்னைக் கேட்காமலேயே நான் வளர்ந்த ஜீவனஹள்ளிக்குப் போய்விட்டது. அங்கே எங்கள் காம்பவுண்டில் எட்டு வீட்டுக்கும் சேர்த்துக் கோடியில் ஒரே கக்கூஸ். இப்போது அங்கே நிற்கும் அடுக்குமாடியில் வீட்டுக்கு மூன்று. விளக்கெண்ணெய் குடிக்கத்தான் ஆளில்லை.

கோடை விடுமுறையின் முதல் சனிக்கிழமை, உடம்புச் சூடு தணிய, வெறும் வயிற்றில் காபியில் கலந்து கொடுப்பாள் அம்மா. எல்லா வீட்டு அம்மாக்களும் அதே சனிக்கிழமையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பது, சற்று நேரத்தில் அந்தத் தகரக் கதவின் முன்னால் கூடி நெளியும் பிள்ளைகள் வருஷாவருஷம் புதிதாகக் கண்டுபிடிக்கும் உண்மை. ஒரு வருஷம் எனக்கு முன்னால் உள்ளே போனவன் பக்கத்து வீட்டு ஜோசப்.

"டேய் ஜோசப், சீக்கிரம் வாடா!"

"இர்றா மச்சா! கதவத் தட்டுனா வர்றதும் நின்னுடும்!"

நான் கால்களைப் பின்னிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்றேன். தூரத்தில் ஜோசப்பின் அம்மாவிடம் என் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"அவன் மூஞ்சியப் பாருங்க ஸ்டெல்லாக்கா, எப்பிடி வேர்க்குது. சூடெல்லாம் எறங்குது."