படகுத்துறை நோயாளி

"ராத்திரியில எத்தனை தடவை முழிப்பு வருது?"

"ரெண்டு தடவை. சில நாள் மூணு."

"எதனால?"

"படகு ஊதும்."

டாக்டர் இரண்டு விரல்களால் தட்டச்சு செய்தார். படகு ஊதுவதை எங்கே போடுவது என்று தெரியாமல் திரையை மேலும் கீழும் நகர்த்தினார். புகைக்கு ஒரு கட்டம் இருந்தது. மதுவுக்கு இருந்தது. படகுக்கு இல்லை.

"கீழே 'மற்றவை'ன்னு இருக்கும் பாருங்க."

"பேஷண்ட் சொல்லித் தரக் கூடாது."

"பேஷண்ட் சொல்லாம வேற யார் சொல்றதாம்?"

நோயாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அவருடைய மனைவி. கிளினிக்கின் முன்னறையில் மேசை போட்டு, போன் எடுத்து, முறை பிரித்து, அழும் குழந்தைகளுக்குப் பேனா மூடியைக் கொடுத்து விளையாட்டுக் காட்டுவது அவள் வேலை. மதியம் கிளினிக் மூடியிருக்கும். பச்சைத் திரைச்சீலை வழியாக வரும் வெளிச்சத்தில் அறை குளத்துக்கு அடியில் இருப்பதுபோல் இருக்கும். மின்விசிறி சுற்றும். ஸ்பிரிட் வாசனை மெல்லக் கீழே படியும். அந்த நேரத்தில்தான் இந்தச் சோதனை நடந்தது.

புது வருடத்திலிருந்து எல்லா கிளினிக்கும் சான்று பெற்ற மென்பொருளில்தான் நோயாளிகளின் கோப்புகளை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. டாக்டர் அதைப் பாதி படித்துவிட்டு, "நீயே பார்த்து ஒண்ணை எடு" என்று அவளிடம் தந்துவிட்டார். திரைச்சீலை வாங்கும்போதும், மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடும்போதும், தண்ணீர் மோட்டார் மாற்றும்போதும் இதையேதான் சொன்னார். மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள். மோட்டார் ஓடுகிறது.

மூன்று நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைப் பார்வைக்குக் கொடுத்தன. ஒன்றின் முகப்பு நீலம், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. நிறத்தைச் சொல்லியே கூப்பிட்டார்கள். உண்மையான நோயாளிகளை இதில் ஏற்றக் கூடாது, ஒரு கற்பனை நோயாளி போதும் என்று பச்சைக் கம்பெனித் தம்பி சொல்லியிருந்தான். அவள் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயரும் வயதும் ஏதோ சொன்னாள்.

"தொழில்?" என்று கேட்டார் டாக்டர்.

அவள் தயங்கினாள். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை.

"படகுத்துறையில டிக்கெட் கிழிக்கிறேன்."

எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த ஊரில் ஆறு இருந்தது. படகுத்துறை இல்லை.

அதன் பிறகு படகுக்காரம்மா தானாக வளர ஆரம்பித்தாள். ஈரப் பலகையில் நாள் முழுக்க நிற்கிறாள். அவள் சட்டைப் பையில் கிழித்த டிக்கெட்டின் பாதிகள் இருக்கும். மூடுபனி நாட்களில் படகு வருவதற்கு முன்பு அதன் சத்தம் வரும், அவள் அந்தச் சத்தத்தை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். இதையெல்லாம் எந்தக் கட்டமும் கேட்கவில்லை. ஆனால் டாக்டர் கேட்டார்.

நர்சுக்கும் படகுக்காரம்மாவைப் பிடித்துப்போனது. தினமும் அவளுக்கு ஒரு காய்ச்சலோ ரத்த அழுத்தமோ கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாள்.

"அக்கா, உங்க படகுக்காரம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்காதுன்னு மூணுலயும் போட்டேன். டாக்டரை வேணும்னே அதையே எழுதச் சொன்னேன். பச்சை உடனே சிவப்பா மாறி வேண்டாம் வேண்டாம்னு தடுத்துச்சு. ஆரஞ்சு யோசிச்சு யோசிச்சு தடுத்துச்சு. நீலம் கல்லு மாதிரி இருந்துச்சுக்கா. சரின்னு மருந்துச் சீட்டைக் கையில குடுத்துடுச்சு."

"அப்ப அந்தம்மா?"

"போய்ச் சேர்ந்திருப்பாங்க."

நீலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீடு கிளினிக்கின் மேல்மாடியில். சாப்பிடும்போது டாக்டர் செய்தித்தாளை நான்காக மடித்து டம்ளரில் சாய்த்து வைத்துக்கொள்வார். உப்பு கூடினால் சொல்வார், குறைந்தால் சொல்வார். மற்றபடி தாளுக்கும் தட்டுக்கும் நடுவில் வேறு பேச்சு இருக்காது. அவர் கெட்டவர் இல்லை. காலை முழுவதும் கேட்டுக் கேட்டு, மேலே வரும்போது அவரிடம் கேள்வி தீர்ந்துபோயிருக்கும். அவளும் அப்படித்தான் பழகியிருந்தாள்.

ஒரு நாள் அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அந்தம்மாவோட புருஷன் என்ன பண்றார்?"

"எந்தம்மா?"

"படகு."

அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்த பிறகும் கொஞ்சம் ஊற்றிவிட்டாள்.

"அக்கரையில வேலை. சாயங்காலம் கடைசிப் படகுல வருவார்."

"வந்து பேசுவாரா?"

"களைச்சுப்போய் வருவார்."

"ம்" என்றார். தாள் நனைந்துகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

அன்று அவளுக்கு வேலை எதுவும் கையில் நிற்கவில்லை. போனில் யாருக்கோ நாளைக்கு வரச் சொன்னாள், நேற்றைய தேதியைச் சொல்லி.

மறுவாரம் கம்பெனித் தம்பி போன் செய்தான். "ஒப்பந்தம் போட்டதும் சோதனைக்காகப் போட்டதெல்லாம் அழிஞ்சிடும் மேடம். சுத்தமா ஆரம்பிக்கலாம்." நல்ல செய்தியாகத்தான் சொன்னான். படகுக்காரம்மா போய்விட்டால் மதிய நாற்காலியும் போய்விடும். மேலே மறுபடி உப்பு மட்டும்தான் இருக்கும்.

"இன்னும் ஒரு வாரம் பார்க்கிறேன் தம்பி."

"மேடம், பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவங்க கூட இவ்வளவு நாள் எடுத்துக்க மாட்டாங்க."

"பொண்ணைக் கொடுக்கிற இடம் சரியில்லைன்னா கூட்டிட்டு வந்துடலாம். இதுல கொடுத்ததைத் திரும்ப எடுக்கிறது கஷ்டம்னு நீதானே சொன்னே?"

தம்பி சிரித்துவிட்டு வைத்தான். அவள் சிரிக்கவில்லை.

பச்சையில் ஒரு வசதி இருந்தது. ஒரு கோப்பை யார், எப்போது திறந்தார்கள் என்று அது காட்டும். சான்றுக்கு அது கட்டாயமாம். சரியாக வேலை செய்கிறதா என்று அவள் படகுக்காரம்மாவின் கோப்பில் பார்த்தாள். காலை நேரத்தில், நோயாளிகளுக்கு இடையில், டாக்டர் அதைத் திறந்திருந்தார். மறுநாளும் திறந்திருந்தார். எதுவும் எழுதவில்லை. படித்துவிட்டு மூடியிருக்கிறார்.

அவள் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். எதிரே ஒருவர் தன் வயிற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் டாக்டரிடம் சொல்வதற்கு முன்பு அவளிடம்தான் சொல்வார்கள். அவள் தலையாட்டினாள். தான் உண்டாக்கிய ஒருத்தியின் மேல் தனக்கே பொறாமை வரும் என்று அவள் நினைத்ததில்லை. படகுக்காரம்மாவைப் பார்க்க ஆள் வருகிறது. ஒரு சுவர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தன்னைப் பார்க்க வரவில்லை.

அன்று மதியம் நாற்காலியில் உட்கார்ந்ததும் வீம்பாகச் சொன்னாள்: "முட்டி வலிக்குது."

அதுவரை படகுக்காரம்மாவுக்கு முட்டி வலி கிடையாது. வலி இவளுடையது.

"எந்த முட்டி?"

"இடது."

"ஏறும்போதா, இறங்கும்போதா?"

"இறங்கும்போது. படகுத்துறையில படி ஈரமா இருக்கும்."

"எவ்வளவு நாளா?"

"மழைக்கு முன்னாடியிலேருந்து."

"யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"வீட்டுல இருக்கிறவருக்கு நேரம் இருக்காது."

டாக்டர் தட்டச்சு செய்தார். "காட்டணும்" என்று திரையிடம் சொன்னார். அவள் எழுந்து, கதவு வரை நேராக நடந்து போனாள். நேராக நடப்பது கடினமாக இருந்தது.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. ஒரு நோயாளி வேறு ஊருக்குப் போனால், அவருடைய கோப்பை அங்கே இருக்கும் டாக்டருக்கு அனுப்ப முடிய வேண்டும். ஆரஞ்சு அனுப்பியது. ஆனால் கூட ஒரு வார்த்தை சேர்த்து எழுத விடவில்லை. பச்சை விட்டது. பேசினால் எழுதிக்கொள்ளவும் செய்தது. நர்ஸ் மேசைமேல் மைக்கை வைத்துவிட்டுப் போனாள்.

"எங்கே போறாங்க?" என்றார் டாக்டர்.

"வேற ஊர். அங்கே ஆறு இன்னும் பெரிசாம்."

"புருஷனும் போறாரா?"

"அதுக்குக் கட்டம் இல்லையே."

"நான் கேட்கிறேன்."

"தெரியல" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை.

வெளியே மேகம் நகர்ந்திருக்க வேண்டும். அறையின் பச்சை ஒருமுறை இருண்டு மறுபடி வெளுத்தது. டாக்டர் மைக்கை அருகில் இழுத்தார். சொல்லச் சொல்ல எழுத்துகள் திரையில் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன.

"இவரைச் சில வாரங்களாக எனக்குத் தெரியும்." நிறுத்தினார். அதை அழித்தார். "இவரை நெடுநாளாக எனக்குத் தெரியும். இடது முழங்காலில் வலி இருக்கிறது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறார். கீழே வந்ததும் யாராவது பார்த்தார்களா என்று பார்ப்பார்."

அவள் இதைச் சொல்லவே இல்லை. படகுத்துறையில் கைப்பிடி வைக்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"தூக்கம் குறைவு. முழிப்பு வந்தால் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எல்லோரும் தங்கள் வலியை இவரிடம் சொல்கிறார்கள். இவர் யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்."

மின்விசிறி சுற்றியது. அவர் திரையைப் பார்க்கவில்லை.

"இரண்டு முறை கேட்கவும்."

பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு சின்ன உறை சிறகு முளைத்து ஓரத்துக்குப் பறந்து மறைந்தது. எங்கோ தூரத்தில் படகு ஊதியதாக அவளுக்குப் பட்டது. தெருவில் போன லாரியாக இருக்கலாம்.

"பச்சையையே எடுத்துக்கலாம்" என்றாள்.

"சரி" என்றார்.

மறுநாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே டாக்டர், "தூங்கினியா?" என்று கேட்டார். தூங்கினேன் என்றாள். கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, "தூங்கினியா?" என்றார். இல்லை என்றாள்.

கம்பெனித் தம்பி வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினான். சோதனைக் கோப்புகளை அழித்தான். சுவரில் துளை போட்டு கேபிள் இழுத்தான், கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. பச்சையில் முதல் உண்மையான நோயாளியாக அவளை நர்ஸ் பதிந்தாள். தொழில் என்ற இடத்தில் கிளினிக் நிர்வாகம் என்று போட்டாள். எதிர்த் தெருவில் போய் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்து வந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, தேய்மானம்தான். டாக்டர் உடற்பயிற்சியும் மாத்திரையும் எழுதினார். மதியச் சாப்பாட்டில் உப்பு குறைவாக இருந்தது. அதையும் சொன்னார்.