செதில் ஒட்டிய சிறகு

மீன் கழுவிக்கொண்டிருந்தேன். விலங்கியல் படிக்கும் மகள் என் கையில் ஒட்டியிருந்த செதிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "இந்தப் பளபளப்பு சாயமில்லம்மா. தோல் செல்லுக்குள்ள சின்னச் சின்னப் படிகம் உருவாகி, கண்ணாடி மாதிரி வெளிச்சத்தத் திருப்புது."

எண்பதுகளில் கோவில்பட்டியில் நடந்த ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தை அவளிடம் சொன்னேன். அந்த வருஷம் கரிசலில் நல்ல மழை. அம்மா கண்மாய் மீனைக் கூடையில் சுமந்து விற்றாள். மாதா கோயில் நாடகத்தில் எனக்குச் சம்மனசு வேஷம், சிறகு கட்டிய தேவதூதன். நாடகம் பழக்கிய பாட்டு டீச்சர் என் தலையை முகர்ந்து பார்த்தார்.

"ஏட்டி, மீன் நாத்தம் அடிக்கு. நீ திரை இழு, போதும்."

வேஷம் அவர் மகளுக்குப் போனது. சிறகில் ஒட்ட ஜிகினா கிடைக்காமல் அவர் தவித்தபோது, "நான் ஒட்டிக் கொண்டாரேன் டீச்சர்" என்றேன்.

கெண்டைச் செதில்களைக் கழுவாமலே ஒட்டினேன். திரை விலகும் நேரத்தில்தான் சிறகைக் கொண்டுபோய் அவள் முதுகில் கட்டிவிட்டேன். விளக்கொளியில் அது வெள்ளியாக மின்னியது, கூட்டம் வாய்பிளந்தது. பாட்டு முடியுமுன் பூனைகள் மேடையேறிச் சிறகைப் பிடித்து இழுத்தன. சம்மனசு அலறிக்கொண்டு ஓடியது.

"என்னத்தட்டி ஒட்டுன?"

"மீன் செதிலு டீச்சர். நாறுதா?"

கதையைக் கேட்ட மகள், "அந்தப் புள்ள பாவம்லாம்மா" என்றாள்.

அந்தப் புள்ள பாவந்தான். வருஷந்தவறாமல் கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். ஆனால் டீச்சருக்குச் செய்ததைப் பாவமென்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை.