தடைக்காலத்தில் போட்ட மாட்டுக்கறி

அம்மா போன பிறகு அப்பா மனம்விட்டுப் பேசுவது, உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுத் தொட்டியிலுள்ள ஆஸ்கர் மீனோடுதான். இரை பிடித்துத் தின்னும் மீன் அது. வைத்திக்குப்பம் மீனவர்களிடம் இறாலும் பொடிமீனும் வாங்கிப் போடுவோம். இந்த ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டுமே கிடைக்கவில்லை.

“போட்டு கடலுக்குப் போவலன்னா இது பட்டினி கெடக்கணுமா? ஞாயித்துக்கெழம நமக்கு வாங்குற மாட்டுக்கறியில கொஞ்சம் போடும்மா,” என்றார் அப்பா.

மீன் ஆசையாகத் தின்றது. தடை முடிந்தும் அதையே தொடர்ந்தோம்.

பிறகு வயிறு ஊதி, தொட்டியின் அடியிலேயே கிடந்தது. நான் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். தண்ணீர், வெப்பம், வடிகட்டி என ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தன. தீனியை நான் சந்தேகிக்கவே இல்லை.

“ஆடு மாட்டுக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காதும்மா. ஈரல்ல படிஞ்சிடுச்சு. இனிமே கஷ்டந்தான்,” என்றார் கால்நடை மருத்துவர்.

இப்போது கறி போடுவதில்லை. இறாலை உரித்து நறுக்கிப் போடுகிறேன். அடுத்த தடைக்காலத்துக்கென்று ஃப்ரீசரிலும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். அதுவரை இந்த மீன் உயிரோடு இருக்காது என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை.

தினமும் காலையில் அவர் கண்ணாடியைத் தட்டி, “வாடா, சாப்புடு,” என்கிறார். மீன் அவரைப் பார்க்கிறது. வாயைத் திறப்பதில்லை.