பாய்க்கு அடியில் சரல்

நாகர்கோவில் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டராக இருந்தவர் ரசலையன். ஆறடி உயரம், நீண்ட கைகள். அவர் ஓடிவந்து வீசினால் பந்து குத்தி விலா எலும்புக்கு எழும்பும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் புல்தரை ஆடுகளம் கிடையாது. செம்மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் தென்னை நார்ப் பாயை விரித்து, ஓரங்களில் முளை அடித்து ஆடுவார்கள். பாயின் இறுக்கத்தைப் பொறுத்துப் பந்து துள்ளும்.

பாய் கொடுப்பவர் கயிறு வியாபாரி குமாரதாஸ். கிளப்புக்குச் செயலாளரும் அவர்தான். கிரிக்கெட் என்றால் பித்து. 1952 தொடக்கத்தில் சென்னையில் இங்கிலாந்தை இந்தியா முதன்முதலாக ஜெயித்தபோது கடைத்தெரு முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். அதே வருஷம் ஜூனில், இங்கிலாந்தில் போய் ஆடிய டெஸ்டில், ஒரு ரன்கூட எடுக்குமுன் நம் ஆட்கள் நான்கு பேர் அவுட்டானார்கள். செய்தியைக் கேட்ட குமாரதாஸ் கடையை அடைத்துவிட்டு ரசலையனைத் தேடிவந்தார்.

"பாத்தியா ரசலு? நம்ம ஆளுவ பெரும்பாலும் அதே ஆளுவதான். சென்னையில மண்ணு நம்ம பக்கம், அங்க மண்ணு அவன் பக்கம். விளையாடுகது மண்ணுதான் மக்கா."

அதை வெறும் பேச்சென்றே ரசலையன் நினைத்தார்.

அடுத்த தை மாதம் பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அணி வந்தது. முந்தைய வருஷம் அவர்கள் ஊரில் போய் நாகர்கோவில்காரர்கள் கேவலமாகத் தோற்றிருந்தார்கள். அங்கே பாய்க்குக் கீழே களிமண். பந்து முழங்காலுக்குமேல் வராது. சிவசைலம் என்ற மில் தொழிலாளி முன்காலை நீட்டி நீட்டி ரசலையனின் பந்துகளை விளாசியிருந்தான். கூட்டம் சிரித்த சிரிப்பு ரசலையனுக்கு மறக்கவில்லை.

ஆட்டத்தன்று காலை அவர் மைதானத்துக்கு வந்தபோது பாயின் ஒரு பாதி சுருட்டிக் கிடந்தது. பந்து வழக்கமாகக் குத்தும் இடத்தில் குமாரதாஸ் குந்தியிருந்து, ஓர் ஓலைக் கடவம் நிறையக் கொண்டுவந்த கரடான சரல்கல்லைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தார்.

"இது என்னத்துக்கு அண்ணாச்சி?"

"உனக்குத்தான். இடம் உனக்குத் தெரியும், அவனுவளுக்குத் தெரியாது. நம்ம ஆளுவகிட்ட சொல்லியாச்சு, இங்க குத்துனா குனிஞ்சிரணும்னு."

"யாருக்காவது பட்டுட்டுன்னா?"

"பயந்தாப் போதும். படணும்னு யாரு சொன்னா?"

ரசலையன் பாயின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார். குமாரதாஸ் முளை அடித்தார்.

சிவசைலம் அன்றும் முன்காலை நீட்டித்தான் ஆடினான். ரசலையனின் ஒரு பந்து சரல்மேல் விழுந்து செங்குத்தாக எழும்பி அவனுடைய இடது கண்ணில் அடித்தது. அவன் மட்டையைக் கீழே போட்டு மண்டியிட்டான். பொத்திய விரல்களுக்கு இடையே வழிந்த ரத்தத்தைப் பாய் குடித்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்களுடைய கேப்டன் முத்துநாயகம், "பாயத் தூக்கிப் பாக்கணும்" என்றார். ஆட்டத்துக்கு நடுவே பாயைத் தொடக்கூடாது என்று குமாரதாஸ் மறித்தார். நடுவரும் உள்ளூர்க்காரர், ஆமாம் என்று தலையை ஆட்டினார். முத்துநாயகம் ரசலையனிடம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்க சொல்லுங்க. கீழ எதுவும் கெடக்கா?"

"ஒண்ணும் இல்ல."

அதன்பின் அவர் அந்த இடத்தில் பந்தைக் குத்தவேயில்லை. தேவைப்படவும் இல்லை. வந்தவர்கள் எல்லாம் ஸ்டம்பை விட்டு ஒதுங்கி நின்றே ஆட்டம் இழந்தார்கள். ரசலையனுக்கு ஏழு விக்கெட். மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண்ணை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டுப் போட்ட முகத்தோடு சிவசைலம் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்ல பந்து சார். நாந்தான் கணிக்கல."

ரசலையன் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

ஏழு விக்கெட்டின் பேரில் திருவனந்தபுரத்தில் ஒரு தேர்வு ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். முதல்முறையாகப் புல்தரையில் வீசினார். பந்து குத்தியதும் செத்துப்போனது. பள்ளிப் பையன்கள்கூட அவரை நின்ற இடத்திலிருந்தே அடித்தார்கள். சாயங்காலம் தேர்வாளர் ஒருவர் தோளில் தட்டி, "பாயில் மட்டும்தான் போலிருக்கு" என்றார். ரசலையன் கோபப்படவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் மனைவி தங்கபாயிடம் சொன்னார். அவள், "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அந்தப் பிள்ளகிட்ட சொல்லுங்க" என்றாள்.

பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போனார். சிவசைலம் வீட்டில்தான் இருந்தான். மில்லில் நூலின் தரம் பார்க்கிற வேலை. ஒற்றைக் கண்ணுக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டார்கள். ரசலையன் நின்றபடியே சரலைப் பற்றிச் சொன்னார். பாயை இழுத்துக் கொடுத்ததையும், முத்துநாயகத்திடம் சொன்ன பொய்யையும் சொன்னார்.

சிவசைலம் முகத்தைத் திருப்பி அவரை நன்றாகப் பார்த்தான்.

"ஒரு நல்ல பந்துக்குக் கண்ணக் குடுத்தேன்னு நெனச்சிட்டு இருந்தேன் சார். அதுதான் எனக்குத் தெம்பா இருந்துச்சு. இப்போ அதையும் எடுத்துட்டீங்க. போயிட்டு வாங்க."

கிளப் கூட்டத்திலும் ரசலையன் எழுந்து சொன்னார். "சொந்த ஊரயே காட்டிக் குடுக்கியா?" என்று குமாரதாஸ் கத்தினார். குமாரதாஸே செயலாளராகத் தொடர்ந்தார். ரசலையன் விலகிக்கொண்டார், தெருவில் பலர் அவரோடு பேசுவதை விட்டார்கள்.

1956 நவம்பரில், அதுவரை திருவனந்தபுரத்தின் கீழ் இருந்த எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. கொண்டாட்டத்துக்கு ஓர் ஆட்டம் வைக்கப் பாளையங்கோட்டையைக் கூப்பிட்டார்கள். "தரையப் பாத்துட்டு, எங்க பாய நாங்களே கொண்டுவந்து விரிப்போம்" என்றார் முத்துநாயகம். குமாரதாஸ் ஒப்பவில்லை. வேறோர் ஊரிலிருந்து அணி வந்து ஆடித் தோற்றுப்போனது. அன்று ரசலையன் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கு டிரில் எடுத்துக்கொண்டிருந்தார்.