பீடி டப்பா காப்பாற்றிய பேக்கரி

ஊருக்கெல்லாம் மணக்கும் ரொட்டி, அதைச் சுடுகிறவர் மூக்குக்கு மட்டும் மணக்காது. விடிந்தும் விடியாமலும் அடுப்பு முன்னால் நிற்கிற பேக்கரிக்காரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே சாத்தூர் ரோட்டில் அப்பா தொடங்கிய கடை. அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன்.

கல்லாவுக்குப் பக்கத்தில்

தாயில்பட்டி பட்டாசு கம்பெனிகளுக்குப் போகிற வேன்கள் காலையில் எங்கள் கடை முன்னால் நிற்கும். பீடி, தீப்பெட்டி, செல்போன் எதையும் கம்பெனிக்குள் கொண்டுபோகக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் காலி பிஸ்கட் டப்பாக்களில் போட்டுவிட்டு வேன் ஏறுவார்கள். சாயங்காலம் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு எடுத்துப் போவார்கள். இதற்குக் கூலியும் கிடையாது, சீட்டும் கிடையாது. டப்பாவுக்குள் போன் அடித்தால் நான்தான் எடுத்துப் பேச வேண்டும். அவர்களில் ஒருவரான மாரியப்பன் தினமும் வேன் படியில் நின்று கத்துவார்: "அக்கா, எம் பொஞ்சாதி கூப்பிட்டா வேலைக்குப் போயிட்டேன்னு சொல்லிருங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவா!"

புதுப் பெட்டி

போன வருஷம் எதிரே ஏசி பேக்கரி வந்தது. கண்ணாடிக் கதவு, மெத்தை நாற்காலி. ஒரே வாரத்தில் வேன்கள் அந்தப் பக்கம் நிற்க ஆரம்பித்தன. எங்கள் பன் தட்டுத் தட்டாக மிஞ்சியது. அப்பாவின் கடை என் கையில் மூடப்போகிறதே என்று நிஜமாகவே பயந்துபோனேன்.

நாமும் பளபளப்பாக மாறுவோம் என்று கேக் பெட்டிக்கு அச்சகத்தில் ஆர்டர் கொடுத்தேன். தீபாவளி சீசன் அவசரம். பட்டாசுப் பெட்டிக்குப் போட வேண்டிய எச்சரிக்கை வரிகளை எங்கள் பெட்டியின் பின்பக்கம் அடித்துவிட்டார்கள். கவனிக்காமல் முதல் கேக்கைக் கொடுத்தும் விட்டோம். வாங்கிப் போன வாத்தியார் மறுநாள் வந்து நிதானமாகச் சொன்னார்: "திறந்த வெளியில பயன்படுத்தவும்னு போட்டிருந்தீக, மொட்டை மாடியிலதான் வெட்டுனோம். மெழுகுவத்தியக் கொளுத்திட்டு அம்புட்டுப் பேரும் தள்ளியே நின்னோம்."

ரோட்டைத் தாண்டி

எதிர்க்கடையில் பீடி, தீப்பெட்டியை வாங்கி வைக்க மறுத்துவிட்டார்கள். அங்கே டீ குடித்துவிட்டு எங்கள் டப்பாவில் போட வருவதற்கு நம் வேன் ஆட்களுக்குக் கூச்சம். ஒரு நாள் மாரியப்பன் மடியில் தீப்பெட்டியோடு கம்பெனிக்குப் போய், வாசல் சோதனையில் மாட்டி, அப்படியே திருப்பி அனுப்பப்பட்டார்.

மறுநாள் காலையில் அவர் தனியாக ரோட்டைத் தாண்டி வந்தார். "டப்பா இருக்காக்கா, இல்ல தூக்கிப் போட்டுட்டீகளா?" என்றார். ஒரு நாள்கூட நான் டப்பாக்களை எடுத்து உள்ளே வைக்கவில்லை. தினமும் துடைத்துத்தான் வைத்திருந்தேன். ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினேன். தீப்பெட்டியைப் போட்டுவிட்டு, வேனைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏலே, எல்லாரும் இறங்கி வாங்கலே, அக்கா நம்ம டப்பாவ அப்படியேதான் வச்சிருக்காக!"

நல்ல மைதா, நல்ல வெண்ணெய், நல்ல மாஸ்டர் எல்லாம் இருந்தும் எங்கள் கடையை நிலைக்க வைத்தது அடுத்தவர் பீடிதான் என்பதை, கொஞ்சம் வெட்கப்பட்டாலும், நெஞ்சை நிமிர்த்தியே சொல்லிக்கொள்கிறேன்.