தலையணை கட்டிய மோட்டார்

என் வீட்டுக்காரருக்கு அளப்பதுதான் வேலை. நில அளவை ஆபீசில் இருந்தார். சங்கிலியும் கோலுமாய் மலேசியாவின் கெடா மாநிலத்து வயல், காடு, மேடு எல்லாவற்றையும் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்த மனிதர். அப்பேர்ப்பட்டவர், சொந்த மோட்டார் சைக்கிளில் பெண்டாட்டி உட்காருகிற இடத்தை அளக்க மறந்துபோனார். இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன். அவருக்கும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துவிட்டது.

எண்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. சுங்கைப்பட்டாணியில் வாடகை வீடு. நான் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் டீச்சர். அவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய நூற்றிருபத்தைந்து சிசி மோட்டார் ஒன்று இருந்தது. காலையில் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவார். நீளமான கறுப்பு சீட்டு. சேலையைச் செருகிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தால் நாற்காலியில் இருப்பது போலவே இருக்கும். லீவு நாளில் யான் என்கிற ஊருக்குக் கடல் பார்க்கப் போவோம். எனக்கு அந்த மோட்டாரில் ஒரு குறையும் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்தது. ஒருநாள் பட்டர்வொர்த் போய்விட்டுக் கண்ணெல்லாம் மினுங்க வந்தார். அங்கே ஒரு கடையில் ரேஸ் மோட்டாருக்குப் போடுகிற கவர் செட் தொங்குகிறதாம். முன்னால் காற்றைக் கிழிக்க ஒரு மூக்கு, இரண்டு பக்கமும் இஞ்சினை மூட ஒவ்வொரு பலகை, பின்னால் ஒரு வால், எல்லாம் ஃபைபரில். கூடவே நடுவில் வயிறு பெருத்த ஒரு எக்ஸோஸ். அதில்தான் புகையும் வரும், சத்தமும் வரும்.

"இதப் போட்டா வண்டி ஜம்முனு நிக்கும்லா," என்றார்.

"இப்ப மட்டும் என்ன, அழுதுகிட்டா நிக்குது?" என்றேன்.

அடுத்த வாரமே பெரிய அட்டைப்பெட்டிகள் எங்கள் ஹாலில் வந்து இடம் பிடித்தன. வீட்டில் அப்போது சோபா கிடையாது. வந்தவர்கள் பெட்டிமேல்தான் உட்கார்ந்தார்கள். யாராவது உட்காரும்போதெல்லாம் இவர் முகம் கோணும்.

எங்கள் கெடாவில் வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை பள்ளியும் உண்டு, ஆபீசும் உண்டு. அதனால் இவர் திருப்பணி வெள்ளிதோறும் நடந்தது. அப்போது தவக்காலம். நான் ஆர்.சி., அவர் புராட்டஸ்டன்ட் சபைக்காரர். நான் தவக்காலம் என்பதை அவர் லெந்து என்பார். ஊரில் மற்றவர்கள் லெந்துக்குக் கறியை விட்டார்கள், இவர் என்னை விட்டார். ஒரு வெள்ளி மூக்கு, அடுத்த வெள்ளி இடது பலகை, அதற்கடுத்த வெள்ளி வலது பலகை என்று வாசலிலேயே கிடந்தார். நான் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கினேன். "டீச்சரம்மா, கொஞ்சம் வந்து பாரேன்," என்பார். "பாத்தாச்சு, பாத்தாச்சு," என்பேன். எங்கே பார்த்தேன்? கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தால் பின்னால் அத்தனை அழுதிருக்க வேண்டாம்.

எனக்கு வேறொரு கவலை இருந்தது. என் அப்பா என்னோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. திகாம் பத்துவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டினார், அங்கேயே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தார். நான் சபைக்காரரைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும், "மாதாவ கும்பிடாதவன் வீட்டுலயா போய் வாழப்போற?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதோடு சரி. கல்யாணத்துக்கும் வரவில்லை. அம்மாவைப் பார்க்க நான் போனால், உடனே லோரியைக் கழுவப் போய்விடுவார். அந்த வருஷம் கெடாவிலேயே சுத்தமான லோரி அதுவாகத்தான் இருந்திருக்கும். சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அங்கே போய்விட்டு வரும் ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டேதான் வருவேன்.

தவக்காலம் பாதி போயிருக்கும். பாசாரில் மீன்கடைக்கு முன்னால் அம்மாவைப் பார்த்தேன்.

"பாப்பா, ஈஸ்டர் அன்னைக்கு ஸ்கூல் விட்டதும் சாப்பிட வாங்க. ரெண்டு பேரும்."

"அப்பா?"

"சொன்னேன். வேணாம்னு சொல்லல."

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் அழைப்பு. மீன்கடை முன்னால் நின்றே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா இன்னொன்றும் சொன்னாள்.

"ஒண்ணா, ஒரே வண்டியில வாங்க. நீ மட்டும் பஸ்ஸ விட்டு எறங்கி தனியா நடந்து வந்து நிக்காத. ஒரு வருஷத்துலயே கைவிட்டுட்டான்னு லயமே பேசும். உங்கப்பா மறுபடி வாளியத் தூக்கிடுவாரு."

ஒரே வண்டியில், சந்தோஷமாக, போய் இறங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பெரிய வியாழன் அரை நாள் வேலை. மத்தியானம் இவர் மோட்டாரைச் சீனர் பட்டறைக்கு ஓட்டிப்போய், வால் பொருந்துவதற்காகப் பழைய சீட்டைத் தாங்குகிற இரும்பை வெட்டச் சொல்லி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழைய சீட்டு பட்டறையிலேயே தங்கிவிட்டது. மறுநாள் வாலையும் எக்ஸோசையும் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றார்.

மறுநாள் பெரிய வெள்ளி. எங்கள் அப்பா வீட்டில் அன்று ஆணி அடிக்கக் கூடாது. ஆண்டவர் கையில் ஆணி இறங்கிய நாள். அப்பா சுத்தியலைக்கூடத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார்.

"என்னங்க, இன்னைக்கு மட்டும் வேணாங்க," என்றேன்.

"எந்த அதிகாரம், எந்த வசனம்? காட்டு, கீழ வச்சிடறேன்."

"எல்லாத்துக்கும் வசனமா? எங்க வீட்டு வழக்கம்."

"ஆணிதான அடிக்கக் கூடாது? இது போல்ட்டு. நான் அடிக்கல, முடுக்குறேன்."

சபைக்காரர்களிடம் வாயைக் கொடுத்துவிட்டு யாரும் மீண்டதில்லை. மூன்று மணி வழிபாட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்காவோடு நடந்தே போய்விட்டேன்.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் காதைக் கிழித்தது. அந்த அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வாசலில் இவர் கையெல்லாம் கிரீசோடு, புகைக்கு நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியா, எப்படிப் பாடுது!"

"பாட்டா இது? தகர டின்னுல கல்லப் போட்டு உருட்டுது."

அப்போதுதான் அந்த மோட்டாரை முதன்முதலாக நேராகப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, இப்போது சொன்னால் என்ன குறைந்துவிடும்? சிவப்பும் வெள்ளையுமாய், பாய்கிற மாதிரி நின்றது. முன்னாலிருந்து பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன். ஒரு ஆள் உட்கார ஒரு பள்ளம் இருந்தது. அதற்குப் பின்னால் மாட்டுத் திமில் போல வழுவழுவென்று ஒரு மேடு.

"நான் எங்கங்க உக்கார்றது?"

"அது சும்மா மூடி. கழட்டினா உள்ள சீட்டு இருக்கும்," என்று மேட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இந்தப் பக்கம் தட்டினார், அந்தப் பக்கம் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"ஒரே வார்ப்பா இருக்கே," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் அச்சில் வராது. ஊரை அளக்கத் தெரிந்தது, என்னை அளக்கத் தெரியவில்லையா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்து, "ஞாயித்துக்கெழம எங்கப்பா முன்னால நான் எப்படிப் போய் நிப்பேன்?" என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்கும் அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. ஓடினார் பட்டறைக்கு. பூட்டிக் கிடந்தது. சீனர்களின் செங் பெங் நாள், தாத்தா பாட்டன் கல்லறை கழுவப் பட்டறை முதலாளி தவ்கே குடும்பத்தோடு ஈப்போ போயாயிற்று, செவ்வாய்தான் வருவார். இரவல் கேட்ட இரண்டு மோட்டாரும் ஞாயிறு வேலைக்குப் போகிற மோட்டார்கள். அப்பா தோட்டத்துச் செம்மண் ரோட்டுக்குள் டாக்சிக்காரர்கள் வரமாட்டார்கள்.

கடைசியில் எங்கள் கட்டில்மேல் இருந்த தலையணை ஒன்றை எடுத்து, பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, அந்தத் திமில்மேல் வைத்து இறுக்கக் கட்டினார். கல்யாணத்துக்காக நானே பூவேலை செய்த உறை. நடுவில் இரண்டு கிளி, அடியில் குட் நைட் என்று எழுத்து. உறையை மாற்றவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு. இவர் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார். பள்ளி விட்டதும் வீட்டுக்கு வந்து பட்டுச்சேலை கட்டி, மல்லிகை வைத்து, மல்லிகைமேல் ஹெல்மெட்டையும் வைத்துக் கிளம்பினேன். இவர் ரேஸ்காரர் மாதிரி முன்னால் படுத்துவிட்டார். நான் அவர் தலைக்கு மேலே, அம்பாரியில் ஏற்றிவைத்த மாதிரி ஒருபக்கமாக உட்கார்ந்து போனேன். பெரிய ரோட்டில் எதிரே வந்த பஸ்ஸில் சனங்கள் இந்தப் பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். நான் நேராகப் பார்த்துக்கொண்டே போனேன், வேறென்ன செய்ய? திகாம் பத்து தாண்டிச் செம்மண் ரோட்டில் திரும்பி, முதல் பள்ளத்தில் இறங்கியதும் எனக்கு அடியில் டப்பென்று கேட்டது.

"என்ன சத்தம்?" என்று கத்தினார்.

"உங்க மூடி தொறந்துக்கிச்சு," என்றேன்.

எக்ஸோஸ் சத்தத்துக்கு லயத்து சனம் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. அப்பாவும் வந்தார். கையில் வாளி இல்லை, அதை முதலில் பார்த்துக்கொண்டேன். இஞ்சினை அணைத்ததும் ஒரே அமைதி. தலையணை சரிந்து கிடந்தது. என் சேலை ஓரமெல்லாம் எக்ஸோஸ் துப்பிய கரும்புள்ளி. அப்பா என்னைப் பார்க்கவில்லை. மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எக்ஸோசைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார், தலையணையை விலக்கி விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, எம்பொண்ணு உக்கார்ற எடத்தையா வெட்டிப் போட்ட?"

எம்பொண்ணு. நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றேன், உள்ளே அழுவது வெளியே தெரியாது என்று.

"எப்ப முடுக்குன இத?" என்று அடுத்த கேள்வி.

"பெரிய வெள்ளி, மாமா."

"அதான பாத்தேன்."

அன்றைக்கு மட்டும் இவர் வசனம் கேட்கவில்லை.

சோறு ஆறுகிறது என்று அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யார் கேட்டது? அப்பா லோரி கொட்டகையிலிருந்து ஒரு பலகையும், பழைய லோரி சீட்டின் பஞ்சும், துண்டு இரும்பும் கொண்டுவந்தார். அந்தத் திமிலை ரம்பத்தால் அறுத்து எறிந்தார். வெள்ளிதோறும் ஆசையாக மாட்டிய செட். இவரோ ஒரு முனகல்கூட இல்லாமல் பக்கத்தில் குந்திக்கொண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். "அத எடுப்பா," என்று தொடங்கிய அப்பா, கொஞ்ச நேரத்தில், "மாப்ள, பதினாலு குடு," என்றார். இவர் பதட்டத்தில் பன்னிரண்டைக் கொடுத்தார். "அளக்குற வேலதான பாக்குற நீ?" என்று கேட்டார் அப்பா. லயமே சிரித்தது. நான் அழுதுகொண்டு கேட்டதை அப்பா கிண்டலாக்கிவிட்டார், அன்றிலிருந்து நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

எல்லாம் முடுக்கியானதும் அப்பா தன் தோள் துண்டை எடுத்துச் சீட்டைத் துடைத்தார். துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏறி உக்காந்து பாரு."

உட்கார்ந்தேன்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்குப்பா."

அடியில் பலகை நன்றாகவே குத்தியது. அந்த மோட்டாரை விற்கிற வரைக்கும் ஏழு வருஷம் குத்தியது. இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.