சுவர் மண்ணும் எலுமிச்சம்பழமும்

எங்கள் லைன் வீட்டு அடுப்படிச் சுவரில், விறகுக் கட்டுக்குப் பின்னால், ஒரு பள்ளம் இருந்தது. தரையில் உட்கார்ந்தால் வாய்க்கு நேராக வரும் உயரம். எலி பறித்தது என்றுதான் முதலில் நினைத்தேன். எலி பறித்தால் விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும். இது கிண்ணம் போல வழவழவென்று இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது கிண்ணம் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் அது. கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளைத்தான் லைன் என்போம். அணை வேலைக்கு மலையேறி, வேலை முடிந்த பிறகும் கீழே இறங்க மனமில்லாமல் தோட்டத்திலேயே பேர் பதிந்துகொண்ட குடும்பம் எங்களுடையது. அப்பா காலமான பின் அம்மா, அண்ணன், அண்ணி, நான் என்று நான்கு பேர். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணி பவானிப் பக்கத்து மஞ்சள் காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர். சிரித்தால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். ஆனி மாதம் மழை பிடித்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அப்போது அவருக்கு ஐந்து மாதம். படியேறினால் மூச்சு வாங்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ பார்ப்பார். உதடும் நகமும் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். எங்களுக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. அந்த லைனில் எல்லாப் பெண்களுமே அந்த நிறந்தான்.

ஒருநாள் மழை வலுத்ததால் மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். எனக்கு முன்பே பனிமூட்டம் வீட்டுக்குள் புகுந்திருந்தது. அடுப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு சத்தம். நறுக், நறுக் என்று, அவசரமில்லாமல், யாரோ பொரி தின்பது போல. கிட்டே போனேன். அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையில் கரண்டி. அதன் காம்பால் சுவரைச் சுரண்டுவார், உள்ளங்கையில் கொட்டிய மண்ணை நாக்கால் எடுப்பார். என்னைத் திரும்பிப் பார்த்தபோது உதடெல்லாம் செம்மண். கொஞ்சமும் பதறவில்லை.

"நனைஞ்ச மண்ணு, கண்ணு. எப்படி மணக்குது பாரு," என்று கையை என் பக்கம் நீட்டினார்.

நான் ஓடிவிட்டேன். அவரைக் கண்டு ஓடியதாகத்தான் அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் வாயில் எச்சில் ஊறியது. அதுதான் என்னை ஓட வைத்தது. என் சேலை முடிச்சில் எந்நேரமும் சிலேட்டுப் பல்பம் இருக்கும். கடையில் பெட்டியாக வாங்கி ஒளித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தேன், பல மாதங்களாக. பல்பம் தின்பது எனக்கு வெட்கமாக மட்டும்தான் இருந்தது. சுவரைத் தின்பது பேயாகத் தெரிந்தது. தன் வீட்டுப் பேய் பூனை மாதிரி, அடுத்தவர் வீட்டுப் பூனை பேய் மாதிரி என்று எங்களை வேலை வாங்கும் மேஸ்திரி சொல்வார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அண்ணி தின்றதை மட்டும் சொன்னேன்.

ஓடைக்கரையில் எப்போதோ பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்த ஒருத்தியின் பேச்சு அந்த லைனில் உண்டு. மழை நாளில் அவள் பசியோடு வருவாளாம். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்கு முந்திய மாதந்தான் டிஸ்பென்சரி நர்ஸம்மா அண்ணியைப் பார்த்துவிட்டு ரத்தம் ஊற மாத்திரை கொடுத்திருந்தார். கூடவே தன் கைப்பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழமும் கொடுத்து, "கீரை ஆக்கினா இறக்கி வெச்சப்புறம் பிழிஞ்சு குடுங்க" என்று சொல்லியனுப்பினார். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அண்ணி நிறுத்திவிட்டார். பழம் இரண்டில் ஒன்றை அம்மா நிலைப்படியில் கட்டினாள், இன்னொன்றை அண்ணியின் தலையணைக்கு அடியில் வைத்தாள். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குளிரில் எலுமிச்சை காய்க்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வரும் பழம் அது, சாமிக்கும் திருஷ்டிக்கும்தான் வரும். அதை அரிந்து சோற்றில் பிழிவதென்றால், அம்மன் கழுத்து மாலையை உருவி ரசம் வைப்பது போலத்தான் அவளுக்கு.

அண்ணன் கீழே போய் ஒரு கோடாங்கியை அழைத்து வந்தார். உடுக்கையடித்துப் பேயோட்டுகிறவர். இருபத்தொரு எலுமிச்சம்பழம் கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா என் காதோரமாகச் சொன்னாள்: "நர்ஸம்மா ரெண்டுல நிறுத்துனாங்க. இந்த ஆளோட பேயி பெரிய வயித்துக்காரியா இருப்பா போல."

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். லைனுக்கு முன்னால் சில்வர் ஓக் மரத்தடியில் அண்ணியை உட்கார வைத்தார்கள். பனிமூட்டத்தில் மரத்தின் பாதிக்கு மேல் இல்லை. சுற்றி நின்றவர்களுக்கு முகம் இருந்தது, கால் இல்லை. உடுக்கைச் சத்தம் பனியில் பட்டு வேறு பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. கோடாங்கி ஒவ்வொரு பழமாக அண்ணியின் தலையைச் சுற்றி, குறுக்கே அரிந்து, குங்குமம் தடவி, இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு போனார். அந்தக் குளிரில் எலுமிச்சை மணம் எப்படி எழும்பியது என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணி அதுவரை பொம்மை போல இருந்தவர், தலையைத் தூக்கினார். மூக்கு விடைத்தது. கோடாங்கி ஐந்தாவதோ ஆறாவதோ பழத்தை அரிந்து குங்குமம் தடவியபோது, அண்ணி அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி, குங்குமத்தோடு வாயில் வைத்து உறிஞ்சத் தொடங்கினார். சாறு போய்ச் சக்கை போய்த் தோலையும் மென்றார். முகவாயில் சிவப்பாக வழிந்தது.

கூட்டம் மொத்தமாகப் பின்னால் போனது. கோடாங்கி மட்டும் நகரவில்லை.

"பாத்துக்கிட்டீங்களா? காவு குடிக்கறா. இங்க வெச்சு முடியாதுங்க. கீழ நம்ம கோயிலுக்குக் கொண்டாங்க. ஒரு மண்டலம் சங்கிலி போட்டு வெச்சாத்தான் இறங்குவா."

"மாசமா இருக்கறாளுங்க," என்றார் அண்ணன்.

"அதுக்குத்தானுங்க அவ வந்திருக்கறதே."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நாளைக் காலை பஸ் என்று முடிவாயிற்று. நாற்பத்தெட்டு நாள் சங்கிலியில் அண்ணியும் வயிற்றுப் பிள்ளையும் என்ன ஆவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நான். நான் வாயைத் திறந்து சொன்னதால்தான் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். எனக்குச் சோலூரில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அவர்கள் வீட்டுச் சொந்தமும் அந்தக் கூட்டத்தில் நின்றது. நான் நடந்து போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். குங்குமம் தடவிய ஒரு பாதியை எடுத்தேன். சப்பினேன். அது முடிந்ததும் இன்னொன்றை எடுத்தேன்.

"அப்ப எனக்கும் பிடிச்சிருக்குதுங்க. என்னையும் கூட்டிட்டுப் போங்க," என்றேன்.

உடுக்கை நின்றது. ஒவ்வொரு வீடாகக் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கி, தொடப் பயந்து கையை இறக்கிக்கொண்டாள். இரண்டு பேய்க்கு என்ன செலவாகும் என்று கோடாங்கி யோசித்தாரோ என்னவோ, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார். வீட்டில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு விடியும்வரை இருக்க அண்ணனுக்குத் துணிவில்லை. அப்போதே டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நர்ஸம்மா அண்ணியின் கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னுடையதை. என் சேலை முடிச்சை அவிழ்த்துப் பல்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ரத்தம் குறைந்துபோன சில பேருக்கு மண், சாம்பல், பல்பம் என்று ஆசை வரும் என்றார். வைவார் என்று பார்த்தேன், வையவில்லை. மறுநாள் காலை இலைக்குப் போகுமுன் லைன் பெண்கள் எல்லோரையும் டிஸ்பென்சரி வாசலுக்கு வரச்சொன்னார். பனிமூட்டத்தில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு விரலால் கண்மடலை இழுத்துப் பிடித்து, ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்தோம். சிவப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் அரிந்த முள்ளங்கி போல வெளுத்துக் கிடந்தது, வரிசையின் கடைசி வரைக்கும். இன்றும் கண்ணை மூடினால் அந்த வரிசை வரும்.

"பேய்னா லைன் மொத்தத்தையும் பிடிச்சிருக்கு," என்றார் நர்ஸம்மா. "யார் யார் என்னென்ன திங்கறீங்க, மறைக்காமச் சொல்லுங்க."

முதலில் ஒருத்தி சாம்பல் என்றாள். ஒருத்தி ஓட்டுச்சில். பச்சரிசி. திருநீறு. என் காதோரம் கேலி பேசிய அக்கா, அடுப்புக்கரி என்றாள். வீட்டுக்கு வீடு வாசப்படி என்பார்கள். எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு ஒரு பள்ளம்.

மாத்திரையைச் சோற்றுக்குப் பின் போடச் சொன்னார், வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் கொடுத்தார். எலுமிச்சைக்கு அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம்: "இது ரத்தமா மாறாது. கீரையிலயும் ராகியிலயும் இருக்கற இரும்பு கூச்சக்கார விருந்தாளி மாதிரி, வாசல்லயே நின்னுட்டுத் திரும்பிப் போயிரும். எலுமிச்சைதான் கையைப் பிடிச்சுப் பந்திக்குக் கூட்டிட்டுப் போற ஆளு. அதை அடுப்புல வெச்சுக் கொதிக்க விட்டீங்கன்னா ஆளு சோர்ந்து போயிருவாரு. இறக்கினப்புறம் பிழியுங்க. சோத்தோட சாயத்தண்ணி வேண்டாம். அது விருந்தாளியை வெளியில தள்ளற ஆளு."

எங்களை வேலைக்குக் கூட்டிப்போக வந்து நின்ற மேஸ்திரி சிரித்தார். "ஏனுங்க நர்ஸம்மா, டீத்தோட்டத்துல நின்னுட்டு டீ வேண்டாம்னா, தொரை காதுல விழுந்தா உங்களுக்கு வேலை போயிருமுங்க."

"குடிக்காதேங்கல மேஸ்திரி. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்கறேன்."

அன்று மாலை அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் முதல் பழத்தை அரிந்தாள். ஒரு சொட்டும் சிந்தாமல் கீரையில் பிழிந்தாள். தீபாவளி நெருங்கும்போது அண்ணி விறகை நகர்த்தி அந்தப் பள்ளத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார். "வெறும் மண்ணு," என்றார், ஏமாந்தவர் போல. கார்த்திகையில் ஆண் குழந்தை பிறந்தது. சோலூர் சம்பந்தம் முறிந்தது; காரணம் கேட்டு யாரும் போகவில்லை. பிற்பாடு எனக்கு வாய்த்த வீட்டுக்காரர், இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பழம்தானே தின்னே, ஆளைத் தின்னலயே" என்றவர். லைனில் மட்டும் என் பேர் மாறிப்போனது. அண்ணிக்காகப் பேயை ஏற்றுக்கொண்டவள் என்று. நானும் அந்தப் பேரை வைத்துக்கொண்டேன்.

போன மாதம் மேட்டுப்பாளையத்தில் மகன் வீட்டில் இருக்கும் அண்ணியைப் பார்க்கப் போயிருந்தேன். பேரன் மனைவி உண்டாகியிருக்கிறாள். மாத்திரை அட்டையும் ரத்தக் கணக்கெழுதிய சீட்டும் மேசைமேல் கிடக்க, குளிர்பெட்டியில் எலுமிச்சம்பழம் சீந்துவாரின்றி வாடுகிறது. அன்றுதான் முதல்முறையாக அண்ணியிடம் சொன்னேன், அம்மாவிடம் காட்டிக்கொடுத்தது நான் என்று.

"அது எனக்கு அன்னைக்கே தெரியுமே," என்றார். "கோடாங்கிக்கு நான் பயப்படல, கண்ணு. சங்கிலிக்கும் பயப்படல. நீ வந்து பக்கத்துல உக்காந்து அந்தப் பழத்தை வாயில வெச்சியே, அப்ப உன்ற மூஞ்சியைப் பாத்தேன். அப்பத்தான் பயந்தேன். நீ எனக்காகத் தின்னேன்னு ஊரே சொல்லுச்சு. நானும் ஒண்ணும் சொல்லல."

கூட்டத்திலிருந்து நடந்து போய் உட்கார்ந்தது அவருக்காகத்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புளிப்பு நாக்கில் பட்ட பிறகு, பக்கத்தில் அண்ணி என்று ஒருவர் இருந்ததே எனக்கு நினைவில்லை.